வேகம் இருந்தும் திணறிய பாட்டு வகுப்பு: ஓப்பன்வர்ட் மென்பொருளின் எஸ்க்யூஎம் வசதி குறித்து ஒரு மதிப்பீடு

என் அக்கா திருச்சியில் தன் வீட்டு முன்னறையில் அமர்ந்து, வாரத்தில் ஐந்து நாள் மாலை ஆறு மணிக்கு, சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் உள்ள பிள்ளைகளுக்கு ஜூம் வழியாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். சென்ற ஆண்டின் நடுப்பகுதி வரை அந்த அறையிலிருந்து பாட்டைவிட அதிகமாகக் காதில் விழுந்த சொல் "கேக்குதா?" என்பதுதான். குரல் அறுந்து அறுந்து போகும். சில நேரம் ஒரு வரி முழுவதும் விழுங்கப்பட்டு, அதற்கடுத்த வரி மட்டும் போய்ச்சேரும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட அக்கா, ஒருநாள் டொராண்டோவிலிருந்து ஒரு பத்து வயதுக் குழந்தை, "டீச்சர், நடுவுல நீங்க ஸ்பீடா பாடிட்டீங்க" என்று சொன்னபோது மட்டும் பொறுக்கவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவரிடம், ஆதி தாளத்து அலங்காரத்தில் காலப்பிரமாணம் ஓடியது என்று ஒரு மாணவி சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றிரவே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நான் ஓடலைடா, இந்த நெட்டுதான் ஓடுது" என்றார். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அக்கா வீட்டில் இருப்பது உள்ளூர் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் இணைப்பு. பதிவிறக்கத்துக்கு 50 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 10 மெகாபிட் என்பது திட்டம். புகார் செய்தபோது வந்த இளைஞர் தன் கைப்பேசியில் வேகச் சோதனையை ஓட்டி, 47 என்று காட்டிய எண்ணை எங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து, "ஸ்பீடு கரெக்டா வருதே சார், வேணும்னா 100 எம்பி பிளான் போட்டுக்குங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் குறை எதுவோ அதை அவர் அளக்கவில்லை, அவ்வளவுதான். குரல் அழைப்பு ஒன்றுக்கு விநாடிக்குச் சில பத்து கிலோபிட் போதும். 50 மெகாபிட் இணைப்பில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வேகம் போதாமல் பாட்டு அறுகிறது என்ற நோயறிதல் அங்கேயே தவறிவிடுகிறது.

எனவே இந்த மதிப்பீடு இணைய இணைப்பைப் பற்றியது அன்று. அந்த இணைப்பின் முனையில் நான் வைத்த ரவுட்டரில் ஓடும் ஓப்பன்வர்ட் என்ற இலவச மென்பொருளையும், அதில் எஸ்க்யூஎம் (ஸ்மார்ட் க்யூ மேனேஜ்மென்ட்) என்ற பெயரில் கிடைக்கும் வரிசை மேலாண்மை வசதியையும் ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதுவது. ஓப்பன்வர்ட் புதிய பொருள் அன்று. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக் கறுப்பு நிற ரவுட்டரின் மென்பொருளில் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளம் இருப்பது தெரியவந்து, லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூலநிரலை 2003-இல் அந்நிறுவனம் வெளியிட நேர்ந்தது. அதைப் பற்றிக்கொண்டு 2004-இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டம் இது, பெயரின் பின்பாதியும் அந்த ரவுட்டரிலிருந்து வந்ததுதான். கடையில் வாங்கும் ரவுட்டரோடு வரும் மென்பொருளை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் இதை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் அளந்து பார்த்தேன். இதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தில் வேகத்துக்குக் கீழே உள்ள 'மேலும் தகவல்' பொத்தானை அழுத்தினால் இரண்டு தாமத எண்கள் வரும். ஒன்று இணைப்பு சும்மா இருக்கும்போது ஒரு பாக்கெட் (இணையத்தில் பயணிக்கும் சிறு தரவுப் பொட்டலம்) போய்வர ஆகும் நேரம், மற்றது இணைப்பு நிரம்பி ஓடும்போது ஆகும் நேரம். ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்கள் 2021-இல் வந்த மான்டரே அல்லது அதற்குப் பிந்தைய இயங்குதளத்தில் டெர்மினலைத் திறந்து 'நெட்வொர்க்குவாலிட்டி' என்ற கட்டளையை இட்டால், நிரம்பிய நிலையில் நிமிடத்துக்கு எத்தனை தடவை போய்வர முடிகிறது என்று அது சொல்லும். வேவ்ஃபார்ம் என்ற நிறுவனத்தின் சோதனைப் பக்கம் பள்ளிக்கூடம் போல 'ஏ', 'பி' என்று தரம் போட்டே கொடுத்துவிடும். அக்கா வீட்டு இணைப்பு சும்மா இருந்தபோது 11 மில்லி விநாடி காட்டியது. ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றிக்கொண்டே அளந்தபோது அது 640 ஆனது. வந்து பார்த்த இளைஞரின் கைப்பேசித் திரையில் 47 மட்டுமே பெரிதாகத் தெரிந்தது.

640 எங்கிருந்து வருகிறது என்பதைப் பள்ளிக்கூடக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். அளந்த பதிவேற்ற வேகம் விநாடிக்கு 9.6 மெகாபிட். வீட்டுக்கு வெளியே போகும் வழியில், சுவரில் மாட்டிய ஃபைபர் பெட்டிக்குள்ளோ அதற்கப்பாலோ, ஏறத்தாழ முக்கால் மெகாபைட் அளவுக்குப் பாக்கெட்டுகளைத் தேக்கிவைக்க இடம் இருக்கிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் முக்கால் மெகாபைட் என்றால் 6 மெகாபிட், அது 9.6 மெகாபிட் குழாயில் வடிய அறுநூற்றுச் சொச்சம் மில்லி விநாடி ஆகும். ஆறு மணிக்குக் கல்லூரியிலிருந்து திரும்பும் அக்கா மகனின் கைப்பேசி, வைஃபையைக் கண்ட மாத்திரத்தில் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேகச் சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கும். நூறு மெகாபைட் வீடியோ ஒன்று போய்முடிய ஒன்றரை நிமிடம், அப்படி ஏழெட்டு இருந்தால் வகுப்பின் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் தேக்கம் நிரம்பியே இருக்கும். அந்த வரிசையின் கடைசியில்தான் அக்காவின் குரல் நிற்கிறது. ரேஷன் கடையில் ஊர் அட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தவர் பின்னால், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு நிற்பவரின் நிலை அது.

குரலுக்கு இது எவ்வளவு கொடிய தாமதம் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை, ஒரு திசையில் 150 மில்லி விநாடிக்குள் குரல் போய்ச்சேர்ந்தால் பேசுபவர்களுக்குப் பெரும்பாலும் உறுத்தாது என்றும், 400-ஐத் தாண்டும்படி இணைப்புகளை வடிவமைக்கலாகாது என்றும் சொல்கிறது. திருச்சிக்கும் டொராண்டோவுக்கும் இடையே ஒளியே கண்ணாடி இழைக்குள் விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓட முடியும், கடலடிக் கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை. எனவே அந்த 150-இல் பெரும்பகுதியைப் பூகோளமே தின்றுவிடுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை வீட்டு வாசலிலேயே அறுநூறாக ஊதிவைத்தால் பேச்சுக்கே இடமில்லை, பாட்டை எங்கே கேட்பது?

தாளம் ஓடிய மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. குரல் சுமக்கும் பாக்கெட்டுகள் வழக்கமாக 20 மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கிளம்பும். அவை ஒழுங்காக வந்துசேராது என்பது தெரிந்ததால், கேட்பவர் பக்கத்துச் செயலி சிலவற்றைச் சற்றே பிடித்துவைத்து, சீராக ஒலிக்க விடும். வரத்து நின்றால் இருக்கும் ஒலியை இழுத்து நீட்டிச் சமாளிக்கும். தேங்கியவை ஒரேயடியாக வந்து குவிந்தால், பின்தங்கியதை ஈடுகட்ட ஒலியைக் கொஞ்சம் விரைவாக ஓட்டும். இதில் குரலின் சுருதி மாறாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கணக்கு சாமர்த்தியமானது. பேச்சில் இதை யாரும் கவனிக்கமாட்டார்கள், கவனிக்கக்கூடாது என்றுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்கும் குழந்தைக்குச் சுருதி சரியாக இருந்து லயம் மட்டும் ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. பொறியாளர்கள் மறைத்துவைத்த தையலைக் கண்டுபிடித்த அந்த மாணவிக்கு நான் மனத்துக்குள் ஒரு சபாஷ் போட்டேன். அக்கா இன்னும் போடவில்லை.

இந்தத் தேக்க நோய்க்கு 'பஃபர்புளோட்' என்று பெயரிட்டவர் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் பொறியாளர். 2010 வாக்கில், தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கும் நேரத்தில் மற்ற எல்லாம் ஊர்ந்ததைக் கண்டு, அதன் வேரைத் தேடிப்போனவர் அவர். நினைவகம் மலிவானதால் ஒவ்வொரு பெட்டியிலும் தேவைக்கு மிஞ்சிய தேக்கிடத்தை வைத்துவிட்டார்கள். டிசிபி என்ற போக்குவரத்து முறையோ, பாக்கெட் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது. விழ விடாமல் தேக்கிக்கொண்டே போனால், 'நிறுத்து' என்ற செய்தி அனுப்புநருக்குப் போவதே இல்லை. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட 'கோடல்' என்ற முறை, வரிசை எவ்வளவு நீளம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேலாக, 100 மில்லி விநாடி தொடர்ந்து நீடித்தால் பாக்கெட்டை வீழ்த்தத் தொடங்கும், அனுப்புநரும் அடங்கிவிடுவார். இதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி வரிசை என்ற ஏற்பாடு சேர்ந்தது 'எஃப்க்யூ-கோடல்', 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. அதையும் தாண்டி, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு, வேக வரம்பு இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சமைத்தது 'கேக்'. ஜோனதன் மார்ட்டன் முதன்மையாக எழுதிய இது 2018-இன் பிற்பகுதியில் வந்த லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. "கேக்குதா?" என்ற கேள்விக்கு விடையாக வந்த பொருளுக்குக் கேக் என்று பெயர் அமைந்தது தமிழர்களுக்கென்றே வாய்த்த பொருத்தம்.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, அதில் பாதி என் தவறுகள். முதலில் ரவுட்டர். ஓப்பன்வர்ட் தளத்தில் உள்ள வன்பொருள் பட்டியலில், கையில் உள்ள மாடல் இருக்கிறதா என்பதோடு, பெட்டியின் அடிப்பக்கச் சீட்டில் அச்சிட்ட 'வெர்ஷன்' எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் சில்லையே மாற்றிவிடும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே உள்ள பழைய பெட்டிகளுக்கு இன்றைய பதிப்பு இறங்காது. என்னிடமிருந்த பழைய ரவுட்டர் அந்த வகை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தபின் தெரிந்தது. பிறகு பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம், மீடியாடெக் எம்டி7621 சில்லும் 128 மெகாபைட் நினைவகமும் கொண்ட ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். மென்பொருளை மாற்றினால் நிறுவன உத்தரவாதம் போய்விடும் என்பதால், புதிதாக வாங்கி முதல்நாளே மாற்றுவதைவிட இது மனத்துக்கு இலகுவாகவும் இருந்தது.

மென்பொருள் ஏறியபின், உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் 'லூசி-ஆப்-எஸ்க்யூஎம்' என்ற தொகுப்பைச் சேர்த்தால், 'நெட்வொர்க்' பட்டியலின் கீழ் 'எஸ்க்யூஎம் க்யூஓஎஸ்' என்று ஒரு பக்கம் முளைக்கும். வெளியே போகும் முனையைத் தேர்ந்து, பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம் என்ற இரு கட்டங்களை நிரப்பி, வரிசை முறைக்குக் கேக்கையும் அதன் சிறு உத்தரவுக் கோப்பு ஒன்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவே. ஆனால் அந்தக் கட்டங்கள் கேட்பது கிலோபிட். நான் மெகாபிட் என்று எண்ணி 42 என்றும் 8 என்றும் எழுதிச் சேமித்தேன். அடுத்த கணம் வீட்டிலுள்ள இணையம் மொத்தமும் டயல்-அப் காலத்துக்குப் போய்விட்டது, தவறைத் திருத்த வழிதேடிய பக்கமும் திறக்கவில்லை. 42000 என்றும் 8600 என்றும் எழுதியபின்தான் உயிர் வந்தது. இவ்வளவு முக்கியமான கட்டத்தில், உள்ளிட்ட எண் சந்தேகத்துக்குரியது என்று ஓர் எச்சரிக்கை வராதது இப்பொருளின் குணத்தைக் காட்டுகிறது. இது தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காகச் செய்தது.

அளந்த வேகத்தைவிடப் பத்து விழுக்காடு குறைத்து எழுதியது ஏன் என்று அக்கா மகன் கேட்டான். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே குறைப்பானேன் என்பது நியாயமான கேள்விதான். தேக்கம் எப்போதும் வழியின் மிகக் குறுகலான இடத்தில்தான் உண்டாகும். அந்தக் குறுகல் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கும்வரை அதன் வரிசையை நம்மால் தொட முடியாது. நம் ரவுட்டரை அதைவிடச் சற்றே குறுகலாக்கிவிட்டால் வரிசை நம் கைக்கு வந்துவிடுகிறது, அங்கே கேக்கை உட்கார வைக்கலாம். இழந்த 10 விழுக்காடு, வரிசையை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்குக் கொடுத்த கூலி.

இப்போது அளந்தால், பதிவேற்றம் நிரம்பி ஓடும்போதும் தாமதம் 19 மில்லி விநாடி. 640 எங்கே, 19 எங்கே! ஆனால் இந்த எண்ணில் மயங்கி உடனே எழுதிவிடாமல், அக்காவை வைத்தே ஒரு சோதனை செய்தேன். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பயனர் அனுபவத் தரம் என்பதை, ஒரு சேவையைப் பயன்படுத்துபவருக்கு உண்டாகும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவு என்றே வரையறுக்கிறது. மகிழ்ச்சியையும் எரிச்சலையும் ரவுட்டரிடம் கேட்க முடியாது. தொலைபேசிக் குரலின் தரத்தை மனிதர்களிடமே கேட்டு, மிக நன்று என்றால் 5, மிக மோசம் என்றால் 1 என்று மதிப்பெண் இடச்செய்து சராசரி காணும் பழைய முறை ஒன்று உண்டு. அதையே எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம், ஒவ்வொரு நாளும் காசு சுண்டி, பூ விழுந்தால் எஸ்க்யூஎம் ஓடும், தலை விழுந்தால் ஓடாது. எது என்று அக்காவுக்குச் சொல்லவில்லை. வகுப்பு முடிந்ததும் அவரும், கேட்ட மாணவியும் தனித்தனியே ஒரு எண் சொல்ல வேண்டும், அவர் அதைச் சுரக் குறிப்பு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

தலை விழுந்த நாள்களில் பெரும்பாலும் 2, எப்போதாவது 3. பூ விழுந்த நாள்களில் ஏறக்குறைய எல்லாமே 4. ஒரே ஒரு நாள், எஸ்க்யூஎம் ஓடியும் மாணவி 2 என்று சொன்னாள். காரணம் தேடியபோது, அக்கா மகனின் கைப்பேசி ஃபைபர் பெட்டியின் பழைய வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. புதிய ரவுட்டரைத் தொடாமல், பக்கவாட்டில் நுழைந்து வரிசையை வெட்டிக்கொண்டு போயிருக்கிறது அந்தப் பதிவேற்றம். ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட வேண்டும் என்பதை இதைப் படித்து நிறுவப்போகிறவர்கள் முதலிலேயே செய்துவிடுங்கள், நான் நான்காவது வாரம்தான் செய்தேன்.

மதிப்பெண்ணில் 5 ஒருநாளும் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஏன் என்று அக்காவிடம் கேட்டால், "சேர்ந்து பாட முடியலையே" என்கிறார். நியாயம். குருவும் சீடரும் ஒன்றாகப் பாடுவது இந்தத் தூரத்தில் எந்த மென்பொருளாலும் ஆகாது. இரண்டு குரலுக்கும் இடையே பூகோளம் வைத்த கால் விநாடிக்குக் கேக்கில் மருந்தில்லை. பாடிக்காட்டி, பாடக்கேட்டு, திருத்தும் முறைக்கு அது போதும், அதுவே நடக்கிறது.

பிணையத்தோடு சம்பந்தமே இல்லாத ஒரு குறையையும் இந்தச் சோதனை வெளியே கொண்டுவந்தது. எஸ்க்யூஎம் நன்றாக ஓடிய நாள்களிலும், மாணவிகளுக்குத் தம்பூரா கேட்பதும் மறைவதுமாக இருந்தது. ஜூம் போன்ற செயலிகள் பின்னணி இரைச்சலை நீக்கும்போது, மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதையெல்லாம் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து இரைச்சல் என்றே முடிவுகட்டுகின்றன. தம்பூராவின் வேலையே மாறாமல் ஒலிப்பதுதான். நம் இசைக்கு ஆதாரமாக எது இருக்கிறதோ, அதையே குப்பை என்று பெருக்கித்தள்ளும் இந்தத் துப்புரவு, ஜூமின் ஒலி அமைப்பில் 'இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி' என்ற தேர்வை இயக்கியதும் நின்றது. இது எஸ்க்யூஎம்மின் கணக்கில் சேராத நன்மை. ஆனால் வரிசை சீரான பிறகுதான் இந்தக் குறையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது, அதற்கு முன் எல்லாப் பழியையும் 'நெட்டு' மீதே போட்டுக்கொண்டிருந்தோம்.

வீடியோ பார்ப்பவர்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்டால், குறைவு என்பேன். படம் காட்டும் சேவைகள் பல விநாடி அளவுக்கு முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்கின்றன. இணைப்பு இளைத்தால் தரத்தை ஒருபடி இறக்கி ஒப்பேற்றுகின்றன. அவற்றுக்கு அரை விநாடித் தாமதம் பெரிய பொருட்டன்று. தொடங்கும் நேரம் மட்டும் விதிவிலக்கு. சண்முக கிருஷ்ணனும், சென்னை ஐஐடியில் படித்த ரமேஷ் சீதாராமனும், இணையத்தில் வீடியோ முதலியவற்றை விநியோகிக்கும் அகமாய் நிறுவனத்தின் தரவிலிருந்து 2.3 கோடி வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், வீடியோ தொடங்க 2 விநாடிக்கு மேல் ஆனால் பார்வையாளர்கள் கலையத் தொடங்குவதையும், அதன்பின் ஒவ்வொரு கூடுதல் விநாடிக்கும் 5.8 விழுக்காடு வரை கூடுதலானோர் விட்டுப்போவதையும் காட்டினார்கள். அக்கா வீட்டில் பதிவேற்றம் ஓடும்போது வீடியோக்கள் இப்போது சட்டென்று தொடங்குகின்றன. அதற்காக மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்கச் சொல்லமாட்டேன்.

குறைகள் சில உண்டு, அவற்றில் முதலாவது கொஞ்சம் பெரியது. பெரும்பாலான மலிவு ரவுட்டர்கள் பல நூறு மெகாபிட்டைத் தாங்குவது, பாக்கெட்டுகளை ரவுட்டரின் மையச் செயலியை (சிபியு) தொடாமல் தனி வன்பொருள் வழியாகக் கடத்திவிடுவதால்தான். எஸ்க்யூஎம் ஒவ்வொரு பாக்கெட்டையும் பார்த்து எடைபோட வேண்டியிருப்பதால் அந்தக் குறுக்குவழி அடைபட்டுப்போகிறது. 50, 100 மெகாபிட் இணைப்புகளுக்கு என்னிடமுள்ள பெட்டி போதும். 500 மெகாபிட், 1 ஜிகாபிட் என்று போனால் இதைவிட வலுவான, விலைகூடிய பெட்டி வேண்டும். அந்த வேகத்தில் உண்மையிலேயே நிரம்புவது எப்போதாவதுதான் என்பதால், அவர்களுக்கு இந்த நோய் அரிதாகவே தெரியும் என்பதும் உண்டு. இரண்டாவது, வேகம் நிலையாக இல்லாத 4ஜி, 5ஜி இணைப்புகளில் எந்த எண்ணை எழுதினாலும் அடுத்த மணிக்கு அது தவறாகிவிடும். வேகத்தை அவ்வப்போது தானே மாற்றிக்கொள்ளும் 'கேக்-ஆட்டோரேட்' என்ற துணை நிரல் இருக்கிறது, ஆனால் அது இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கும். மூன்றாவது, வைஃபை எட்டாத அறையில் உட்கார்ந்து வகுப்பெடுத்தால் இது எதையும் செய்யாது. அக்கா வீட்டில் மடிக்கணினிக்கு நேராகக் கம்பி இழுத்துவிட்டேன். நிறுவனத்தின் பக்கத்திலேயே மாலை நேர நெரிசல் இருந்தாலும் இது செய்வதற்கு ஒன்றுமில்லை.

இவ்வளவையும் ஒரு வாடிக்கையாளர் தானே செய்துகொள்ள வேண்டியிருப்பதுதான் என் மனக்குறை. பெட்டியை மாட்டும் நிறுவனமே அதற்குள் இந்த முறையை வைத்துக் கொடுக்கலாம், உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. நம் நாட்டில் 2023 ஜனவரியில் பிராட்பேண்டின் வரையறையை 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். அந்த வரையறையும் பேசுவது பதிவிறக்க வேகத்தைத்தான். வாசலில் மாட்டும் விளம்பரப் பலகையிலும் வேகம்தான். நிரம்பிய நிலையில் எவ்வளவு தாமதம் என்று எந்தத் திட்டத்தின் பெயரிலும் நான் இதுவரை கண்டதில்லை.

யார் வாங்கலாம் என்றால், வீட்டிலிருந்து வகுப்பெடுப்பவர், மருத்துவ ஆலோசனை சொல்பவர், அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டியவர், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் படம் ஏற்றும் கைப்பேசிகள் நான்கைந்து உள்ளவர்கள், பதிவேற்ற வேகம் 20 மெகாபிட்டுக்குள் இருப்பவர்கள். முதலில் ஃபாஸ்ட் டாட் காமில் இரண்டு தாமத எண்களையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 50 மில்லி விநாடிக்குள் வித்தியாசம் இருந்தால் உங்கள் சிக்கல் வேறெங்கோ இருக்கிறது, ரவுட்டரைத் திறக்காதீர்கள். வித்தியாசம் நூற்றுக்கணக்கில் இருந்து, கணினியைக் கண்டு அஞ்சாத ஒருவர் வீட்டில் இருந்தால், 1,800 ரூபாய்க்கு இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை. நோட்டின் கடைசிப் பக்கக் கணக்கிலேயே மதிப்பெண் இடுவதென்றால், வேலை செய்யும் விதத்துக்கு 4, நிறுவும் அனுபவத்துக்கு 2.

சென்ற மாதம் அந்த இணைய நிறுவனம் எங்களிடம் சொல்லாமலேயே பதிவேற்ற வேகத்தை 20 மெகாபிட்டாக உயர்த்தியிருக்கிறது. எங்கள் ரவுட்டர் 8600 என்ற பழைய எண்ணிலேயே நின்றதால் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து வேறெதற்கோ அளந்தபோது கண்டு, 17500 என்று மாற்றி எழுதினேன். பதிவேற்றம் இரட்டிப்பாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னபோது, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே, அப்பவும் நாலுதான் போட்டிருக்கேன்" என்றார்.